குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு?

இறுதியாண்டு மாணவன் ஒருவன், செல்பேசியில் எடுத்த படங்களைத் தேதி வாரியாகத் தனித்தனி ஃபோல்டர்களில் அடுக்கி வைக்கும் சின்ன நிரல் ஒன்றை சி++ மொழியில் எழுதினான். மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டான். கூடவே இருந்த ரீட்மீ கோப்பில் "தேவை: ஜிசிசி 13 அல்லது அதற்கு மேல்" என்று ஒரு வரி.

ஏன் 13? அவனுடைய மடிக்கணினியில் இருந்தது உபுண்டு 24.04. அதோடு வரும் கம்பைலர் ஜிசிசி 13. அவ்வளவு தான் காரணம்!

பெரும்பாலான சின்ன திட்டங்களில் இந்த வரி இப்படித்தான் பிறக்கிறது. யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. எழுதியவருடைய கணினியில் என்ன இருந்ததோ, அதுவே ஊருக்கெல்லாம் சட்டமாகி விடுகிறது.

சில வாரங்கள் கழித்து ஒரு மடல் வந்தது. "வணக்கம் சார். எங்கள் ஆய்வகத்தில் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 தான் இருக்கிறது. கம்பைலர் ஜிசிசி 8.5. எனக்கு நிர்வாகி அனுமதி கிடையாது, புதிதாக எதையும் நிறுவ முடியாது. உங்கள் நிரலை இதில் கம்பைல் செய்ய ஏதாவது வழி உண்டா?"

வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் அவனை 'சார்' என்று அழைத்திருக்கிறார் :-) இருந்தாலும் மனதில் முதலில் தோன்றியது, "புதுசுக்கு மாற வேண்டியது தானே?" என்பது தான். அப்புறம் தான் உறைத்தது. மாற்றுவது அந்த நபர் கையில் இல்லை. ரெட் ஹேட் 8 வெளிவந்தது 2019-ல். அதற்கான பராமரிப்பு 2029 மே வரை உண்டு. அதை வைத்திருப்பவர் சோம்பேறி அல்ல. பத்து வருடம் ஆடாமல் அசையாமல் ஓட வேண்டும் என்று தான் நிறுவனங்கள் அதை வாங்குகின்றன.

சரி, உண்மையிலேயே 13 தேவையா என்று பார்த்து விடலாம் என உட்கார்ந்தான். ரெட் ஹேட் 8-க்கு இணையான அல்மாலினக்ஸ் 8-ஐ டாக்கரில் இறக்கி, சி++17 என்று சொல்லிக் கம்பைல் செய்தான். திரை முழுக்கப் பிழைகள். ஆனால் பொறுமையாகப் படித்தால் மூன்றே விஷயங்கள் தான்.

முதலாவது, 'ஸ்டாண்டர்டு ஃபார்மேட்'. சி++20-ல் வந்த வசதி இது. ஜிசிசியின் லைப்ரரியில் 2023-ல், 13-ஆம் பதிப்பில் தான் சேர்ந்தது. நிரலில் அதைப் பயன்படுத்தியிருந்தது ஒரே ஒரு இடத்தில், ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும் வரியில்! பழைய 'எஸ்என்பிரின்ட்எஃப்' அந்த வேலையை அப்படியே செய்து விடும்.

இரண்டாவது, ஒரு சொல் இன்ன எழுத்துகளில் தொடங்குகிறதா என்று பார்க்கும் 'ஸ்டார்ட்ஸ்_வித்'. இதுவும் சி++20. இரண்டு இடங்களில் இருந்தது. மாற்றினான்.

மூன்றாவது கொஞ்சம் தலைவலி. கம்பைல் ஆகிறது, இணைக்கும் கட்டத்தில் தோற்கிறது. ஜிசிசி 8-ல் 'ஃபைல்சிஸ்டம்' பகுதி தனி லைப்ரரியாக இருந்தது. அதை நாமே கேட்டு இணைக்க வேண்டும். 9-ஆம் பதிப்பில் தான் அது முதன்மை லைப்ரரிக்குள் போனது. கட்டும் கோப்பில் ஒரு வரி சேர்த்ததும் சரியாகி விட்டது.

மொத்தம் ஒரு மாலை நேர வேலை. ஜிசிசி 8 வெளிவந்தது 2018-ல், 13 வந்தது 2023-ல். ஒரு ஃபோல்டர் பெயரை அழகாக எழுதிய ஒற்றை வரிக்காக, ஐந்து வருடக் கம்பைலர்களை வைத்திருந்த அத்தனை பேருக்கும் அவன் தெரியாமலேயே கதவைச் சாத்தியிருக்கிறான்.

"எதற்கு இந்தக் கம்பைலர் வம்பு? தயாராகக் கட்டிய நிரலையே அனுப்பி விடலாமே!" என்று கேட்கத் தோன்றும். அவனும் அனுப்பிப் பார்த்தான். அங்கே ஓடவில்லை. "ஜிலிப்சி 2.34 பதிப்பு கிடைக்கவில்லை" என்ற பிழை வந்தது.

லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் ஜிலிப்சி என்ற சி லைப்ரரியின் மேல் தான் நிற்கின்றன. (ஆல்பைன் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.) அதில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அது எந்தப் பதிப்பில் வந்தது என்ற முத்திரை இருக்கிறது. பழைய ஜிலிப்சியில் கட்டிய நிரல் புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்ற உறுதி கிடையாது. 2021-ல் வந்த 2.34-ஆம் பதிப்பில், நிரலைத் தொடங்கி வைக்கும் ஃபங்ஷனுக்கே புதிய முத்திரை விழுந்தது. அதனால் "வணக்கம்" என்று மட்டும் அச்சிடும் நிரலைக் கூட, உபுண்டு 24.04-ல் வழக்கம் போலக் கட்டினால் அது 2.34-ஐக் கேட்கும். ரெட் ஹேட் 8-ல் இருப்பதோ 2.28.

ஆக, குறைந்தபட்சப் பதிப்பு என்பது ஒரு எண் அல்ல. கட்டுவதற்கு எந்தக் கம்பைலர், எந்த லைப்ரரி என்பது ஒரு கதவு. ஓடுவதற்கு எந்த லைப்ரரி என்பது வேறொரு கதவு. பழைய இயங்குதளத்தில் புதிய கம்பைலரை வைத்துக் கட்டினால் முதல் கதவை உயர்த்தி இரண்டாவதைத் தாழ்வாகவே வைத்திருக்கலாம். ரெட் ஹேட் தரும் 'டெவலப்பர் டூல்செட்' செய்வது இதைத்தான். பைத்தான் உலகத்தின் 'மெனிலினக்ஸ்' ஏற்பாடும் இந்த வழி தான்: 2016-ல் சென்ட்ஓஎஸ் 5-ஐ அடித்தளமாக வைத்துத் தொடங்கி, பிறகு 6, 7 என்று மேலே வந்தது.

இரண்டாவது கதவைத் திடீரென்று உயர்த்தினால் என்ன ஆகும்? 2024 தொடக்கத்தில் விஎஸ் கோட் 1.86 வந்தபோது, தொலைவில் உள்ள கணினியோடு இணைந்து வேலை செய்யும் பகுதிக்கு ஜிலிப்சி 2.28 கட்டாயமாயிற்று. உபுண்டு 18.04-ல் இருந்தது 2.27. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்! காலையில் எடிட்டர் தானாகப் புதுப்பித்துக்கொண்டது, சர்வரோடு இணைப்பு போயிற்று. குரல்கள் எழுந்ததும், எச்சரிக்கையோடு இன்னும் 12 மாதம் இணைக்கலாம் என்று அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசத்தை முதலிலேயே கொடுத்திருந்தால் இவ்வளவு சத்தம் வந்திருக்காது.

அப்படியானால் எவ்வளவு பழையதாக இருந்தாலும் ஆதரித்துக்கொண்டே இருப்பது தான் நல்லதா? அதுவும் இல்லை. லினக்ஸ் கெர்னல் கதையைப் பாருங்கள்.

2018 வரை கெர்னலின் ஆவணத்தில் குறைந்தபட்சக் கம்பைலர் ஜிசிசி 3.2 என்றே இருந்தது. 2002-ல் வந்த கம்பைலர் அது! ஆனால் நடைமுறையில் அவ்வளவு பழையவற்றை வைத்துப் பல வகைக் கணினிகளுக்குக் கெர்னலைச் சரியாகக் கட்டவே முடியவில்லை. ஆவணத்தில் ஒன்று, உண்மையில் வேறொன்று. 2018-ல் அதை 4.6 ஆக்கினார்கள். 2020-ல் 4.8, அதே வருடம் 4.9.

அடுத்து நடந்தது தான் முக்கியம். ஆர்ம் 64-பிட் கணினிகளில் எப்போதாவது, காரணமே தெரியாமல், எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் செக்சம் பிழைகள் வந்தன. கெர்னலின் ஆர்ம் பகுதியை நெடுங்காலம் பார்த்துக்கொண்ட ரஸ்ஸல் கிங் இதைப் புகாராகச் சொன்னார். டிஸ்க்கில் கோளாறா, கோப்பு முறைமையில் கோளாறா? இரண்டும் இல்லை. கோளாறு கம்பைலரில் இருந்தது. ஜிசிசி 4.9 முதல் 5.1-க்கு முன்பு வரையிலான பதிப்புகள், ஸ்டாக்கில் ஓர் இடத்தை "இனி வேண்டாம்" என்று விட்டு விட்டு, அதற்குப் பிறகும் அதே இடத்திலிருந்து படிக்கும் நிரலை உருவாக்கின. அந்த இம்மி நேர இடைவெளியில் ஒரு இன்டரப்ட் வந்தால், அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதி விடும். படிப்பது குப்பை. ஆயிரம் முறை சரியாக ஓடும், ஒரு முறை தவறும். இப்படிப்பட்ட பிழையைத் தேடிப் பிடிப்பதை விடக் கொடுமை எதுவும் இல்லை.

2021 ஜனவரியில் ஆர்ம் 64-பிட்டுக்கு ஜிசிசி 5.1 கட்டாயம் என்றார்கள். அதே வருடம் எல்லாக் கணினி வகைகளுக்கும் 5.1 ஆயிற்று. இங்கே குறைந்தபட்சத்தை உயர்த்தியது புதுமை மோகத்தால் அல்ல. மக்களுடைய கோப்புகள் கெட்டுப் போகாமல் இருக்க. 5.1-க்கு வந்ததில் இன்னொரு பயனும் கிடைத்தது. 2022-ல், 5.18-ஆம் கெர்னலில், அதுவரை பிடித்து வைத்திருந்த சி89 நடையை விட்டு சி11-க்குப் போக முடிந்தது. லூப்புக்குள்ளேயே மாறியை அறிவிக்கலாம் என்ற சின்ன வசதி, லூப் முடிந்த பிறகும் அந்த மாறியைத் தவறுதலாகப் பயன்படுத்தும் ஒரு வகைப் பிழையையே தவிர்க்க உதவியது. 2025-ல் 6.16-ஆம் கெர்னலில் குறைந்தபட்சம் ஜிசிசி 8.1 ஆகியிருக்கிறது.

பழசை ஆதரிப்பது இலவசம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு உதாரணம். ஜிசிசி 4.8-ல் சி++11-இன் 'ரெகெக்ஸ்' வசதி பெயரளவுக்கு இருந்தது. கம்பைல் ஆகும், ஓட்டினால் வேலை செய்யாது! 4.9-ல் தான் ஒழுங்காக வந்தது. "சி++11 கம்பைலர் போதும்" என்று எழுதி வைத்தவர்களுக்கு எத்தனை புகார் வந்திருக்கும்?

லைப்ரரி எண்களிலும் இந்த மாதிரி ஏமாற்று வேலை உண்டு. படத்துக்குள் ஒளிந்திருக்கும் தேதியைப் படிக்க நம் மாணவன் பயன்படுத்தியது லிப்எக்ஸிஃப். 2020-ல் வந்த அதன் 0.6.22-ஆம் பதிப்பில் பல பாதுகாப்புக் குறைகளைச் சரி செய்தார்கள். "அப்படியானால் 0.6.22-ஐக் கட்டாயமாக்கி விடலாம்" என்று தோன்றியது. ஆனால் டெபியன் 10 வைத்திருந்தது 0.6.21. எண்ணை மாற்றாமலே பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். எண்ணை மட்டும் பார்த்தால், திருத்தப்பட்ட நல்ல லைப்ரரியை வைத்திருப்பவரைத் திருப்பி அனுப்பியிருப்பான். தேவையான ஃபங்ஷன் இருக்கிறதா என்று கேட்பது, எண் என்ன என்று கேட்பதை விட எப்போதும் நல்லது. பழைய ஆட்டோகான்ஃப் கூட இதைத்தான் சொல்லிக் கொடுத்தது. பாதுகாப்புத் திருத்தத்தைப் பார்த்துக்கொள்வது டிஸ்ட்ரோவின் வேலை.

உயர்த்தத்தான் வேண்டும் என்றால் எப்படி உயர்த்துவது? இங்கே தான் பைத்தானின் 'கிரிப்டோகிராஃபி' பேக்கேஜ் கதை வருகிறது. 2021 பிப்ரவரியில் வந்த 3.4-ஆம் பதிப்பைக் கட்ட ரஸ்ட் கம்பைலர் தேவைப்பட்டது. காரணம் நியாயமானது: சி மொழியின் நினைவகப் பிழைகள், பாதுகாப்புக்காகவே இருக்கும் ஒரு லைப்ரரியில் இருக்கக் கூடாது. ஆனால் 3.3-லிருந்து 3.4 என்றால் யாருக்காவது பயம் வருமா? அப்போது ஆல்பைன் லினக்ஸுக்குத் தயாராகக் கட்டிய கோப்பு கிடையாது. அங்கே எல்லோரும் மூலத்திலிருந்து கட்ட வேண்டியிருந்தது. பலருடைய தானியங்கிக் கட்டுமானங்கள் ஒரே நாளில் விழுந்தன. ஆல்ஃபா, எம்68கே போன்ற பழைய கணினிகளுக்கு அப்போது ரஸ்ட் கம்பைலர் ஆதரவே இல்லை என்பதால், அவர்களுக்குச் சிக்கலாயிற்று.

அந்தக் குழு அதோடு நிற்கவில்லை. 3.4-ல் ரஸ்ட் இல்லாமல் கட்டவும் ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். அதை எடுத்தது அதே வருடம் வந்த அடுத்த பெரிய பதிப்பில். அதற்குள் எண் முறையையும் மாற்றி விட்டார்கள். 3.4-க்கு அடுத்தது 35.0! இனி எண்ணைப் பார்த்தாலே "ஏதோ பெரிதாக மாறியிருக்கிறது" என்று தெரியும்.

இந்தத் தொல்லையை மென்மையாகக் கையாள்பவர்களும் இருக்கிறார்கள். கிட் திட்டத்தில் 'சோதனை பலூன்' என்று ஒரு வழக்கம் உண்டு. சி99-இன் ஒரு வசதியை, எளிதில் எடுத்து விடக்கூடிய ஒரே ஓர் இடத்தில் மட்டும் பயன்படுத்தி வெளியிடுவார்கள். யாருக்காவது கட்ட முடியாமல் போனால் சொல்வார்கள், எடுத்து விடலாம். யாரும் முனகவில்லை என்றால் அந்த வசதியை எல்லா இடத்திலும் பயன்படுத்தலாம். 2017-ல் சில வசதிகளுக்கு இப்படிப் பறக்க விட்டார்கள். 2021 இறுதியில் சி99 மொத்தத்துக்குமே ஒரு பலூன் பறந்தது. எல்எல்விஎம் திட்டமோ, பொதுவாக 3 வருடமாவது ஆன கம்பைலரைத் தான் கைவிடுவது, அதையும் முதலில் தாண்டிச் செல்லக்கூடிய பிழையாகக் காட்டி, அடுத்த வெளியீட்டில் தான் முழுதாகத் தடுப்பது என்று கொள்கை வைத்திருக்கிறது.

நம்பை குழுவினர் இன்னும் எளிதாக்கினார்கள். 2019-ல், கடந்த 42 மாதங்களில் வந்த பைத்தான் பதிப்புகள், 24 மாதங்களில் வந்த நம்பை பதிப்புகள் என்று காலக் கணக்கு வைத்தார்கள். பிறகு வந்த 'ஸ்பெக் 0' அதை பைத்தானுக்கு 3 வருடம், அறிவியல் துறையின் அடிப்படைப் பேக்கேஜ்களுக்கு 2 வருடம் என்று மாற்றியது. இதில் ஒரு பெரிய நிம்மதி, ஒவ்வொரு முறையும் சண்டை போட வேண்டியதில்லை. நாட்காட்டியே முடிவு செய்து விடும்.

தனியாக உயர்த்தப் பயந்தால் கூட்டாக உயர்த்தலாம் என்று காட்டியது 2007-ன் 'கோபிஎச்பி5' இயக்கம். பிஎச்பி 5 வந்து 3 வருடம் ஆகியும் இணையதள வாடகை நிறுவனங்கள் பல 4-லேயே இருந்தன. "மென்பொருள்கள் 4-ல் ஓடுகின்றனவே, ஏன் மாற்ற வேண்டும்?" என்றார்கள் அவர்கள். "வாடிக்கையாளர்கள் 4-ல் இருக்கிறார்களே, எப்படி மாற்றுவது?" என்றார்கள் நிரலர்கள். கோழியா முட்டையா கதை தான்! கடைசியில் ட்ரூபல், பிஎச்பிமைஅட்மின் உள்ளிட்ட பல திட்டங்கள் சேர்ந்து, 2008 பிப்ரவரி 5-க்குப் பிறகு வரும் புதிய பதிப்புகள் பிஎச்பி 5.2-ஐத் தான் கேட்கும் என்று ஒரே நாளைக் குறித்தன. தனியாகப் போனால் பயனர்களை இழக்கலாம் என்ற பயம் அங்கே உடைந்தது.

இதையெல்லாம் படித்து முடித்த நம் மாணவன் ரீட்மீ கோப்பைத் திருத்தினான். 'ஜிசிசி 8, சி++17. ரெட் ஹேட் 8-க்கு இணையான சூழலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கட்டிச் சோதிக்கப்படுகிறது. இதை உயர்த்துவதாக இருந்தால் ஒரு வெளியீட்டுக்கு முன்பே சொல்லப்படும்.'

இந்த மூன்றில் நடு வாக்கியம் தான் உயிர். சோதிக்காத எண் வெறும் ஆசை. குறைந்தபட்சம் 8 என்று எழுதி விட்டு 13-ல் மட்டும் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த மாதமே பழக்க தோஷத்தில் இன்னொரு 'ஃபார்மேட்' நுழைந்து விடும். யாருக்கும் தெரியாது, ஆய்வகத்தில் இருப்பவர் ஒருவரைத் தவிர.

சில மாதங்களில் இன்னொரு மடல். இந்த முறை சென்ட்ஓஎஸ் 7. அதோடு வந்த கம்பைலர் ஜிசிசி 4.8.5. அதில் சி++17 இல்லை, ஃபைல்சிஸ்டம் இல்லை. பாதி நிரலைத் திருப்பி எழுத வேண்டும். அந்த இயங்குதளத்துக்கான பராமரிப்பே 2024 ஜூன் 30-ல் முடிந்து விட்டது. அவனுக்குத் தேர்வுகள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தன. இதற்கு யாரும் அவனுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை.

முதல் மடல் வந்த நாளாக இருந்தால் பதிலே போட்டிருக்க மாட்டான், அல்லது "அப்கிரேட் பண்ணுங்க" என்று ஒற்றை வரியில் முடித்திருப்பான். இப்போது நிதானமாக எழுதினான்: "மன்னிக்கவும், சென்ட்ஓஎஸ் 7-ஐ ஆதரிக்க என்னால் முடியாது. காரணம் இவை. டெவலப்பர் டூல்செட்டின் புதிய கம்பைலர் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருந்தால் அதை வைத்துக் கட்டிப் பாருங்கள், வாய்ப்பு உண்டு. நான் அதைச் சோதித்ததில்லை."

இரண்டு நாளில் பதில் வந்தது. டூல்செட் இருந்ததாம். கட்ட முடிந்ததாம். "காரணத்தையும் சொன்னதற்கு நன்றி" என்று முடிந்திருந்தது.

அந்த நன்றியைப் பார்த்து ரீட்மீயில் 'சென்ட்ஓஎஸ் 7' என்று சேர்க்க அவனுக்குக் கை துறுதுறுத்தது. சேர்க்கவில்லை. அதைச் சோதிக்க அவனிடம் ஏற்பாடு எதுவும் இல்லையே.